ஆள் வருகிறார்கள், மனம் வருவதில்லை: வேலையில் பிடிப்பு எப்படி வரும்?

வெட்டாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)
பிப்ரவரி 3, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தல் படித்தேன். வெளிமாநிலத்தில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஊருக்கே திரும்பிவிட்டேன். இங்கே சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. என் பொறுப்பில் 38 பேர், இரண்டு ஷிஃப்ட். ஊறல் தொட்டியில் தொடங்கி பாய்லர், டிரையர், உமி நீக்கும் மெஷின், பாலிஷ், கலர் சார்ட்டர், மூட்டை பிடிப்பது வரை எல்லாம் இதில் அடக்கம். பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். மீதி பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்.

சம்பா நெல் வந்து குவிகிற நேரம் இது. ஆள் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. வருகிறார்கள், சொன்னதைச் செய்கிறார்கள், நேரம் ஆனதும் போகிறார்கள். அவ்வளவுதான். போன மாதம் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் ஒரு பேரிங் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று பேருக்குத் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அது நின்றுபோய், ஒன்பது மணி நேரம் ஆலை முடங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே மேடம்" என்றார் ஒருவர். திமிராகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு ஷிஃப்டில் இத்தனை டன்னுக்கு மேல் போனால் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தேன். முதல் இரண்டு மாதம் டன் ஏறியது. மூன்றாம் மாதம் கணக்குப் பார்த்தால் குருணையும் கூடவே ஏறியிருக்கிறது. டிரையரில் சூட்டைக் கூட்டி, நெல்லைச் சீக்கிரம் இறக்கிவிட்டார்கள். அவசரமாகக் காய்ந்த நெல் உள்ளுக்குள் விரிசல் விடும், அரைக்கும்போது உடையும். முதலாளி திட்டத்தை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். இப்போது, திட்டம் வருவதற்கு முன் ஓடிய டன்னைவிடக் குறைவாக ஓடுகிறது.

நடுவில் தாமதமாக வருபவர்களுக்கு அபராதமும் போட்டுப் பார்த்தேன். தாமதம் குறைந்தது, லீவு கூடிவிட்டது. வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து ஒருநாள் வகுப்பு வைத்தோம். கை தட்டினார்கள், சத்தமாக உறுதிமொழி எடுத்தார்கள். மறுநாள் காலையில் ஒரு மாற்றமும் இல்லை.

இங்கே ஆட்களை வைத்து வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள், ஆளாக நின்று வேலை பார்த்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு மேலே இருந்த ஒருவருக்காக நீங்கள் மனதோடு வேலை செய்தது உண்டா? அவர் அப்படி என்ன செய்தார்?

கொள்ளிடத்தான்
பிப்ரவரி 4, காலை 5.50

மகளே, ஆற்றுப் பாசனத்தில் லஸ்கராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஷட்டர் ஏற்றி இறக்குவது, கரை பார்ப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது எங்கள் வேலை. உன் கேள்விக்கு ஒரே ஒரு ஆளைத்தான் என்னால் சொல்ல முடியும்.

2018 ஆகஸ்ட். மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. 22ஆம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் கீழே ஒரு கரையில் எனக்குக் காவல். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் உதவிப் பொறியாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என் மகனைவிட வயதில் சின்னவர். டார்ச்சை என் கையில் கொடுத்து, "அண்ணே, நீங்க முன்னால போங்க. எந்த இடம் உங்களுக்குச் சந்தேகமா இருக்கோ அங்க நில்லுங்க" என்றார்.

மூன்று கிலோமீட்டர் நடந்திருப்போம். ஒரு அரசமரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கரைக்கு வெளிப்பக்கம் தண்ணீர் கசிந்தது, அதுவும் கலங்கலாக. தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். இது படித்தவர் அவருக்கும் தெரியும். ஆனாலும் என்னைச் சொல்ல விட்டுக் கேட்டார். விடியும்வரை மணல் மூட்டை அடுக்கினோம், அவரும் எங்களோடு சேர்ந்து தூக்கினார். அப்புறம் மேலே அனுப்பிய அறிக்கையில், கசிவைக் கண்டுபிடித்தது யார் என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். அதில் ஒரு நகலை என்னிடமும் கொடுத்தார். இன்றும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அவருக்கு முன்னால் இருந்த ஒருவரிடம், மதகுப் பலகை உளுத்துப்போயிருப்பதைச் சொல்லப் போய், "உன் வேலையை மட்டும் பார்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவன் நான். அதற்கப்புறம் நான்கு வருடம் நானாக எதையும் போய்ச் சொன்னதில்லை. உன் ஆளும் எப்போதோ ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பார். யாரிடம் சொன்னார், என்ன பதில் கிடைத்தது என்று விசாரி.

செங்கொடி மன்னை
பிப்ரவரி 4, காலை 8.30

கொள்ளிடத்தான் ஐயா சொன்னதைப் படித்து நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் வெட்டாற்றங்கரை அவர்களிடம் நான் முதலில் கேட்க நினைப்பது வேறு.

சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறீர்கள்? உங்கள் ஆலை அளவுக்கு, மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் போட்டாக வேண்டும் என்பது சட்டம். ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிறுத்தி வைத்து வேலை வாங்கினால், அந்த மணி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். இது 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லோருக்கும் பிடிக்கிறீர்களா, பாதிப் பேருக்கா? பீகார் பையன்கள் எங்கே படுக்கிறார்கள்? உமித் தூசியில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு முகமூடி உண்டா? இதில் ஒன்றுக்கு "இல்லை" என்பது பதிலானால்கூட, நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது அவர்கள் காதில் ஏறாது.

நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. 1940களில் கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) தண்டனையாக இருந்தன. தென் கன்னடப் பகுதியிலிருந்து வந்த பி. சீனிவாச ராவ், தமிழ் தாய்மொழியாக இல்லாத ஒரு மனிதர், பண்ணையாட்களை ஒன்று திரட்டி அதை எதிர்த்து நின்றார். அவர் பேச்சில் மயங்கி ஜனங்கள் பின்னால் போகவில்லை. அவர்களுடைய குடிசையில் படுத்தார், அவர்கள் குடித்த கஞ்சியைக் குடித்தார், அடி விழும் என்று தெரிந்த இடத்தில் தானும் நின்றார். இதை என் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஊக்கத்தைப் பற்றி யார் பேசினாலும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டதா என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.

பெங்களூரிலிருந்து மன்னார்குடிக்காரன்
பிப்ரவரி 4, மதியம் 1.20

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். செங்கொடி அண்ணன் சொன்னதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து, 1959இல் முடிவுகளை வெளியிட்டார். வேலையில் எப்போது மனம் நிறைந்தது, எப்போது வெறுத்தது என்று கேட்டார். வெறுத்த நேரங்களில் பெரும்பாலும் வந்தவை நிர்வாக விதிமுறைகள், மேலதிகாரியின் போக்கு, சம்பளம், வேலைச் சூழல். மனம் நிறைந்த நேரங்களில் வந்தவை ஒரு காரியத்தைச் சாதித்தது, அதை யாராவது கவனித்தது, பொறுப்பு கிடைத்தது. அதாவது சம்பளத்தில் குறை வைத்தால் வெறுப்பு வரும். ஆனால் குறையைத் தீர்த்துவிட்டாலே ஆர்வம் வந்துவிடாது. அது வேறு வழியாக வர வேண்டும்.

ஊக்கத்தொகையை நிறுத்தியதும் பழைய அளவைவிடக் கீழே போனது என்றீர்களே, அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் புதிர்க்கட்டைகளை வைத்து விளையாடினார்கள். ஒரு குழுவுக்கு நடுவில் ஒரு முறை மட்டும் பணம் கொடுத்து, அடுத்த முறை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தக் கட்டைகளைத் தொட்டது முன்னைவிடக் குறைந்தது. காசுக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று மனம் ஒருமுறை எண்ணிவிட்டால், காசு நின்றதும் கையும் நின்றுவிடுகிறது.

செங்கொடி மன்னை
பிப்ரவரி 4, மாலை 6.05

தம்பி, நீங்கள் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஹெர்ஸ்பெர்க் பேட்டி எடுத்தது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். புதிர்க்கட்டை வைத்து விளையாடியவர்கள் கல்லூரி மாணவர்கள். ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுகிறவருக்கு இதை அப்படியே எடுத்து வைக்க முடியாது. இதைக் காட்டி, "காசு கொடுத்தால் ஆர்வம் கெட்டுவிடும்" என்று சொல்லப் பல முதலாளிகள் காத்திருக்கிறார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், சம்பள வரம்புக்குள் வருகிறவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்பது சட்டப்படியான உரிமை. அதையும் ஊக்கத்தொகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாமணிக்கரை
பிப்ரவரி 4, இரவு 9.40

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல தலைமை என் அம்மாதான். கோட்டூர் பக்கம் நடவுக்கு ஆள் கூட்டிப் போனவர். பதினெட்டுப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் கூடப் போய் நாற்று முடி தூக்கிப் போட்டிருக்கிறேன். அப்போது பார்த்ததைச் சொல்கிறேன்.

அம்மா வயலில் கால் வைப்பதற்கு முன்னால் வரப்பிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார். கூலி எவ்வளவு, டீ எத்தனை தடவை, எத்தனை மணிக்குக் கரை ஏறுவது. பதினெட்டுப் பேர் காதிலும் விழும்படிதான் பேசுவார். யாருக்கும் தெரியாமல் பேசியது என்று ஒன்று இருந்ததே இல்லை.

இறங்கியதும் பள்ளமான ஓரத்தை அம்மா எடுத்துக்கொள்வார். அங்கேதான் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நிற்கும், அட்டை கடிக்கும். யாரும் அவரை அங்கே போகச் சொன்னதில்லை. அவர் அங்கே நின்ற பிறகு, எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஒரு வருடம் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு அக்கா சேர்ந்தார். மேட்டுப் பகுதியிலிருந்து வந்தவர், நடவு தெரியாது. கை ஓடாது. அம்மா அவரை வேகமாக நடுகிற இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்தினார். அந்த இரண்டு பேரும் தங்கள் பக்கத்திலிருந்து அவர் வரிசையில் ஆளுக்கு ஒரு குத்து சேர்த்து நட்டுக்கொண்டே போவார்கள். வரிசை நேராகப் போகும். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாலாம் நாள் பாட்டெடுக்கச் சொல்லி அவரைத்தான் அம்மா கேட்டார். அவர் பாடியதும் மற்றவர்கள் குலவை போட்டார்கள். அந்த அக்காவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் நிலத்துக்காரர், அந்தப் பெண்ணுக்கு முக்கால் கூலி போதும் என்றார். அம்மா பேச்சை வளர்க்கவில்லை. "நாங்க ஒண்ணா எறங்குனோம், ஒண்ணாதான் ஏறுவோம்" என்று சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். முழுக் கூலி வந்தது. மூன்றாவது வருடம் அந்த அக்கா எங்கள் கூட்டத்திலேயே வேகமான ஆள். இன்றைக்கு அம்மாவுக்கு மூட்டு வலி, வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. தீபாவளிக்கு முதல் பலகாரம் அந்த அக்கா வீட்டிலிருந்துதான் வரும்.

இப்போது எங்கள் பக்கம் பாதி வயலில் நடவு மெஷின் ஓடுகிறது, மீதியில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் நடுகிறார்கள். அம்மா செய்ததை எழுதி வைக்க ஒரு இடம் கிடைத்ததே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

தஞ்சை டீச்சர்
பிப்ரவரி 5, காலை 6.30

பாமணிக்கரை, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கொள்ளிடத்தான் ஐயா பெயர் போட்ட அந்த நகலைப் பத்திரமாக வைத்திருப்பதைப் படித்ததும் எனக்குப் பெரிய கோயில் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. 30 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள், ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். 1010இல் முடிந்த கோயில். நான் கொடுத்ததும், என் அக்கா கொடுத்ததும், என் பெண்டிர் கொடுத்ததும், மற்றும் கொடுத்தவர் கொடுத்ததும் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணை போட்டான். இதை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது அதற்கு அடுத்த இடம். கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் கல்லில் இருக்கிறது. முடி திருத்தும் நாவிதருக்கு, ராஜராஜப் பெருநாவிசன் என்று அரசன் பெயரோடு சேர்த்த பட்டமே இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கிறது.

செங்கொடி மன்னை அவர்கள் கேட்பதற்கும் அங்கே பதில் உண்டு. பெயருக்குப் பக்கத்திலேயே பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. ஒரு பங்குக்கு வருடம் 100 கலம் நெல். ஒருவர் இறந்துபோனாலோ வெளியேறினாலோ அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதும் இருக்கிறது. பெயரையும் கூலியையும் ஒரே கல்லில், ஊரே படிக்கும்படி வெட்டி வைத்தார்கள். அந்தப் பெண்கள் விரும்பித்தான் சொந்த ஊரை விட்டு வந்தார்களா என்பது கல்லில் இல்லை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லித்தான் முடிப்பேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், காலை ஆறரைக்கே வந்து வகுப்பறை கூட்டி, கழிப்பறை கழுவி வைக்கும் ஒரு அம்மா இருந்தார். "ஆயா" என்றே மூன்று வருடம் கூப்பிட்டேன். ஒருநாள் ஒரு படிவத்தில் அவர் பெயரை எழுத வேண்டியிருந்தது, எனக்குத் தெரியவில்லை. மிகவும் வெட்கப்பட்டேன். அந்த வாரமே ஆசிரியர் பெயர்ப் பலகையில் அவர் பெயரையும், சத்துணவு சமைப்பவர்கள் பெயரையும் எழுதச் சொன்னேன். அவர் தன் பேரனைக் கூட்டி வந்து அந்தப் பலகையைக் காட்டினார்.

வெட்டாற்றங்கரை
பிப்ரவரி 6, இரவு 11.00

எல்லோருக்கும் நன்றி. பாமணிக்கரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அழுதுவிட்டார். அவரும் நடவுக்குப் போனவர்.

கொள்ளிடத்தான் ஐயா சொன்னபடி விசாரித்தேன். நீங்கள் நினைத்தது சரி. நான் சேர்வதற்கு முன்பே அதே ஆள் ஒரு பெல்ட் பழுதைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இருந்த பொறுப்பாளர், "நீதான் ஏதாவது பண்ணியிருப்பே" என்று அவர் மேலேயே பழியைப் போட்டு, பெல்ட் விலையில் ஒரு பங்கைச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார். பதினாலு மாதமாக இது எனக்குத் தெரியாது. அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி முதலாளியிடம் பேசப் போகிறேன்.

சம்பளத் தேதிக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்து, பன்னிரண்டு என்று இழுக்கிறது. வெளியூர் வியாபாரிகளிடமிருந்து பணம் வர வேண்டும் என்பது முதலாளி சொல்லும் காரணம். ஒடிசாப் பையன் ஒருவனிடம் உட்கார்ந்து கேட்டேன். ஊரில் வாங்கிய கடனுக்கு அவன் அப்பா ஐந்தாம் தேதி வட்டி கட்ட வேண்டுமாம். சம்பளம் தள்ளிப்போகும் மாதமெல்லாம் அங்கே வாசலில் வந்து நின்று பேசுகிறார்களாம். அந்தப் பையன் மெஷின் முன்னால் நிற்கும்போது அவன் மனம் எங்கே இருக்கும் என்பது இப்போது புரிகிறது. ஆனால் தேதி என் கையில் இல்லையே. முதலாளியிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

நாச்சியார்கோயில் பட்டறை
பிப்ரவரி 7, காலை 7.15

குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறேன், ஒன்பது பேர். முதலாளி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வர வேண்டிய பணம் வராமல் சம்பளம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் சகோதரி. அதனால் அவரிடம் நியாயம், தர்மம் என்று ஆரம்பிக்காதீர்கள், கணக்கில் ஆரம்பியுங்கள். ஒன்பது மணி நேரம் ஆலை நின்றதில் எவ்வளவு போனது? குருணை கூடியதில் எவ்வளவு போனது? 38 பேர் சம்பளத்தை ஒரு வாரம் முன்னால் போட, வங்கியில் அந்தப் பணத்துக்கு ஒரு வார வட்டி எவ்வளவு? மூன்றையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால், வார்ப்பில் ஓட்டை விழுந்ததற்காக என்னுடைய மூத்த தொழிலாளியை எல்லோர் எதிரிலும் சத்தம் போட்டேன். தப்பு அவருடையது இல்லை, நான் வாங்கிக் கொடுத்த உலோகத்தில்தான் கோளாறு என்று அடுத்த நாள் தெரிந்தது. தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். எல்லோர் எதிரிலும் திட்டியதை எல்லோர் எதிரிலும்தான் திரும்பப் பெற்றிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உங்கள் ஆளுக்குப் பிடித்த பணத்தை உறையில் போட்டுத் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லோரும் நிற்கும்போது, அவர் மேல் தப்பில்லை என்று சொல்லிக் கொடுங்கள்.

நீடாமங்கலம் டிரையர்
பிப்ரவரி 7, இரவு 8.50

மேடம், நான் வேறொரு ஆலையில் டிரையர் ஓட்டுகிறேன். பதினோரு வருடம். டிரையர் ஆட்கள் சூட்டைக் கூட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு அது தப்பு என்று தெரியாமல் இருக்காது. வெந்த நெல்லை ஒரே ஓட்டமாகக் காய வைக்கக் கூடாது. 16, 18 சதவீத ஈரத்துக்கு வந்ததும் இறக்கி, சில மணி நேரம் ஆற விட்டு, அப்புறம் 13, 14க்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வந்து சமமாக அந்த நேரம் வேண்டும். இதைக் கையில் நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

ஆனால் டன்னுக்குக் காசு என்று எழுதி ஒட்டினால், ஆற விடுகிற நேரம் நஷ்டமாகத் தெரியும். நீங்கள் கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். அடுத்த தடவை திட்டம் போடும்போது டிரையர் ஆளைக் கூப்பிட்டு, "இப்படிச் செய்தால் என்ன கெடும்" என்று கேளுங்கள். என்னை இந்தப் பதினோரு வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெங்களூரிலிருந்து மன்னார்குடிக்காரன்
பிப்ரவரி 7, இரவு 10.10

நீடாமங்கலம் அண்ணே, நான் மூன்று நாளாகச் சொல்ல முயன்றதை நீங்கள் ஒரே பதிவில் சொல்லிவிட்டீர்கள். செங்கொடி அண்ணன் சொன்னதையும் யோசித்தேன். ஊக்கத்தொகையே வேண்டாம் என்று எழுத இருந்தேன், அதை மாற்றிக்கொள்கிறேன். மறுபடி வைத்தால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் போட்டி வேண்டாம். முழு அரிசி எவ்வளவு தேறுகிறது என்பதைக் கணக்காக வைத்து, 38 பேருக்கும் ஒரே பங்காகப் பிரியுங்கள். எப்படிக் கணக்கிடுவது என்பதை அவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

செங்கொடி மன்னை
பிப்ரவரி 8, காலை 7.00

இதற்கு நானும் சம்மதம். கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும், இந்தியிலும் எழுத வேண்டும்.

வெட்டாற்றங்கரை
ஏப்ரல் 14, மாலை 5.30

சித்திரை வாழ்த்துகள். இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லோர் முன்னாலும், முதலாளி கையால். அந்த ஆள் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் அன்று மாலை முழுவதும் அதைப் பற்றியேதான் பேசினார்கள். சம்பளம் மார்ச்சில் ஆறாம் தேதி, ஏப்ரலில் ஐந்தாம் தேதி. பட்டறை அண்ணன் சொன்ன ஒரு தாள் கணக்குதான் வேலை செய்தது. அபராதத்தை எடுத்துவிட்டேன்.

டிரையர் ஆட்கள் நான்கு பேரோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஆற விடும் நேரத்தை ஒவ்வொரு லாட்டுக்கும் அவர்களே முடிவு செய்கிறார்கள். யார் முடிவு செய்தார், முழு அரிசி எவ்வளவு தேறியது என்பதைப் பெயரோடு பலகையில் எழுதுகிறோம், தமிழிலும் இந்தியிலும். குருணை பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. டன் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஊக்கத்தொகையை இந்தத் தடவை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறோம். மூட்டை தூக்குபவர்களுக்கு அதில் வருத்தம் இருக்கிறது, எங்கள் உடம்பு உழைப்பு அதிகம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம், இன்னும் முடிவாகவில்லை.

முடியாததும் இருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பதை முதலாளி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. செங்கொடி அண்ணே, சட்டத்தை அவரிடம் படித்தே காட்டினேன், விடப்போவதில்லை. ஒடிசாப் பையன்களில் இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஒருவன் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். முன்பெல்லாம் சொல்லாமலே போவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போன் வந்தது. அதே ஆள். "மேடம், பாலிஷர் பக்கம் ஒரு சத்தம் வருது, எனக்குச் சரியாப் படலை" என்றார்.

கொள்ளிடத்தான்
ஏப்ரல் 14, இரவு 7.45

நீ என்ன சொன்னாய் மகளே?

வெட்டாற்றங்கரை
ஏப்ரல் 14, இரவு 8.10

வருகிறேன் என்றேன் ஐயா. தம்பியை வண்டி எடுக்கச் சொல்லிப் போனேன். டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றேன். எனக்கு ஒரு சத்தமும் தனியாகக் கேட்கவில்லை, அவர் மெஷினின் இடது பக்கம் கையை வைத்துக் காட்டினார். நிறுத்திக் கழற்றினோம். பேரிங் ஒன்று தேய்ந்து, சூடு ஏறி நிறம் மாறியிருந்தது. இரண்டு மணிக்கு மறுபடி ஓட ஆரம்பித்தது. அன்றைய பதிவேட்டில் அவர் பெயரை எழுதினேன். நகல் ஒன்று வேண்டும் என்று அவரே கேட்டார். கொடுத்தேன்.